ஓட்டுறேன் என்றேன், ஓட வைத்தார்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் ஓட்டப்பந்தயத்தைப் பற்றிச் சாட்சி சொன்னால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டே கேளுங்கள்.

போன கோடைக்கு முன் எங்கள் வீட்டில் ஒரே கலக்கம். என் மகள் ஜெனிக்கு நடக்க வராது. பேச்சும் ஒன்றிரண்டு சொல்தான். அவளைப்போன்ற பிள்ளைகளுக்கு எங்கள் சபை விழுப்புரத்தில் நடத்தும் கோடை முகாமுக்காகவே வருஷமெல்லாம் காத்திருப்பாள். இந்த முறை முகாம் நடத்த வழியில்லை என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். அன்று ஜெனி சோற்றைத் தொடவில்லை.

கடைசி முயற்சியாக, நன்கொடை திரட்டத் திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு வரை ஓட்டம் வைத்தார்கள். யாரெல்லாம் வருகிறீர்கள் என்று பாஸ்டர் ஆராதனையில் கேட்டார். நான் எழுந்து, "நான் ஓட்டுறேங்க பாஸ்டர்" என்றேன். நான் சொன்னது என் குட்டியானையை. எங்கள் பக்கம் சின்ன லாரிக்கு அதுதான் பேர். தண்ணீர் கேனை ஏற்றிக்கொண்டு பின்னால் போகலாம் என்று நினைத்தேன். அவர் மைக்கில் சொன்னது, "நம்ம தாஸ் ஓடுறாராம்!"

சபையே கைதட்டியது. திருத்துவதற்குள் அரிசி மண்டி செல்வம் அண்ணன் எழுந்துவிட்டார். "இன்னாடா தாசு, குட்டியானையே ஓடப்போவுதா? நீ கூட்டேரிப்பட்டு போய்ச் சேரு, முகாம் செலவு என்னுது. வழியில உக்காந்தே, ஒண்ணும் கெடையாது."

ஜெனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஓட்டத்தன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. வாலிபர்கள் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டார்கள். பின்னால் என் வண்டியை மச்சான் ஓட்டி வந்தான். அதில் ஜெனியும் அவள் அம்மாவும். பக்கத்தில் பைக்கில் செல்வம் அண்ணன், என்மேல் வைத்த கண்ணை எடுக்காமல். பாதி வழியில் மூச்சடைத்தது. கூட்டேரிப்பட்டுக் கடைகள் தெரியும்போது முழங்கால் மடங்கியது. ரோட்டோர மைல்கல்லைப் பிடித்துத் தொங்கினேன்.

"போதுங்க, நெஞ்சு வெடிச்சிடப் போவுது, வண்டியில ஏறுங்க" என்று மனைவி அழுதாள்.

ஏறினால் முகாம் இல்லை. "ஆண்டவரே, எனக்குக் கால் குடுங்க, என் பொண்ணுக்காகக் கேக்குறேன்" என்று கதறினேன். கை வழுக்கியது.

டப் டப் என்று சத்தம். ஜெனி வண்டிப் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "எறக்கு! எறக்கு!"

சக்கர நாற்காலியோடு இறக்கினார்கள். முதுகுக்குப் பின்னால் இருந்த கைப்பிடியைக் காட்டினாள். "அப்பா. தள்ளு."

பிடித்தேன். என் பாரத்தை அது தாங்கியது. ஒரு அடி வைத்தேன். விழவில்லை.

"அண்ணே, இத்தப் புடிச்சிக்கினு போனா செல்லுமா?" என்றேன்.

செல்வம் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உக்காரக் கூடாதுன்னுதாண்டா சொன்னேன். உக்காந்திருக்கிறது அவ, நீயில்லியே. ஜல்தி போடா!"

முகாம் நடந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம். இப்போது தினமும் காலையில் ஜெனியைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். தொப்பை குறையவில்லை; அந்த ஜெபம் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நான் கால் கேட்டேன், அவர் சக்கரம் அனுப்பினார். கேட்டது கேட்டபடி வரவில்லையென்று சோர்ந்துபோகாதீர்கள், பிரியமானவர்களே. பின்னால் வருகிற வண்டியில் யாராவது பலகையைத் தட்டுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேளுங்கள்.