அக்கரை லயத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடு, லயம் என்போம், மாட்டுப்பட்டி ஏரிக்கு இந்தப் பக்கம் இருந்தது. என் அக்கா வாழ்க்கைப்பட்டது அந்தப் பக்கத்து எஸ்டேட்டில். வாசலில் நின்றால் அவள் லயத்தின் தகரக் கூரையும் துணி காயும் கொடியும் தெரியும். ஆள் தெரியாது. கரையைச் சுற்றிப் போனால் முழுப் பகல் நடை, வழியில் யானை வேறு. எங்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. முன்பு எஸ்டேட் படகு ஒன்று ஆட்களை ஏற்றிப் போய்வந்ததாம். படகோட்டி ஊரோடு போய்விட்டதால் எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி உரக் குடோனில் போட்டுவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் அது அங்கேயே கிடந்தது.

அக்காவிடம் மஞ்சள் சேலை ஒன்று உண்டு. கொடியில் அது காயும் நாளில் அவளிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வந்த மாதிரி இருக்கும். அவள் முழுகாமல் இருப்பது எனக்குத் தெரியும். அம்மா போன பிறகு பிரசவத்துக்குப் போக எங்களுக்கு வீடு இல்லை. அந்த மாசியில் பத்து நாள் மஞ்சள் சேலையைக் காணோம். பிறகு ஒரு காலை, கொடி முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைத் துணிகள். கொழுந்துக் கூடையோடு மலையேறிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளை பிறந்திருக்கிறது. ஆணா பெண்ணா தெரியவில்லை. கூட யார் இருந்தார்கள் என்றும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன்.

"அந்தப் படகு எஞ்சின நீங்க ஒரு தடவ பாருங்களேன்."

படகு எஞ்சின் தனக்குப் பழக்கமில்லை என்றார். ஆனாலும் மறுநாளே ஆபீசில் போய்க் கேட்டுவிட்டார். ஓடினால் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்களாம்.

முதல் ஞாயிறு, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை. பொறி போடும் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே எண்ணெய் விட்டு, மேல்சக்கரத்தைக் கையால் அசைத்து அசைத்து இளக்கினார். தண்ணீர் உறிஞ்சும் துளைகளில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதை நான் ஈர்க்கால் குத்தி எடுத்தேன். பிறகு பிளக்கை எஞ்சினின் இரும்பில் படும்படி வைத்துக் கயிற்றை இழுத்தார். வெயிலில் பொறி தெரியாது, முந்தானையால் மறைத்துக்கொண்டு பார் என்றார். குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. அவர் முகத்தைப் பார்க்காமலே, "இல்ல" என்றேன்.

சக்கரத்துக்கு அடியில், தொட்டுத் தொட்டுப் பிரிந்து பொறியை உண்டாக்கும் முனைகள் மங்கிப் போயிருந்தன. உப்புத்தாளால் தேய்த்தார். மறுபடி முந்தானை, மறுபடி கயிறு. நீலமாக ஒன்று சொடுக்கியது.

அன்றே போய்விடலாம் என்று நினைத்தேன். எஞ்சின் இருமக்கூட இல்லை. டேங்கைத் திறந்தால் பெட்ரோல் வாசமே இல்லை, வார்னிஷ் நெடி. கார்பரேட்டருக்குள் தேன் மாதிரிப் பிசின். அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். அதன் ஊசித்துளையைச் செம்புக் கம்பி இழையால் சுத்தம் செய்ய இரண்டு வாரச் சாயங்காலங்கள் போயின. நான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்னும் எத்தனை நாள் என்று கேட்க நாக்கு வரை வரும். கேட்கமாட்டேன்.

மூன்றாவது ஞாயிறு எஞ்சினைப் படகில் மாட்டி, புதுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, ஏழெட்டு இழுப்பில் எஞ்சின் புகை கக்கிக்கொண்டு பிடித்தது. கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், சத்தம் கேட்டு அக்கரையில் ஆட்கள் வந்து நிற்பது தெரிந்தது. அதில் ஒருத்தி துணிச்சுருள் ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். நான் படகில் எழுந்து நின்றுவிட்டேன். பாதி ஏரி தாண்டியிருப்போம், எஞ்சின் நின்றுவிட்டது.

அவர் இழுத்தார், பிளக்கைப் பார்த்தார், மறுபடி இழுத்தார். அக்கா கூப்பிடுவது கேட்டது. குரல் வந்தது, வார்த்தை வரவில்லை. கண்ணில் படாமல் இருந்த அத்தனை மாதமும் நான் அவளுக்காக அப்படி ஏங்கியதில்லை.

கடைசியாக டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"மூடியில காத்துத் துளை இருக்கு. தெறக்காம வந்துட்டேன்" என்றார். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் வெளியே வரவில்லை. அடுத்த இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கரையில் இறங்கியதும் அக்கா பிள்ளையை என் கையில் வைத்தாள்.

"பொட்டப்புள்ளட்டி. முப்பது நாளாச்சு."

கூட யார் இருந்தது என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டு மதினி இருந்தா. வலியில ஒன் பேரச் சொல்லியே கத்துனேனாம். எனக்கு நெனப்பில்ல" என்றாள்.

பிள்ளையின் தலையை முகர்ந்துகொண்டே இருந்தேன். பனி இறங்கும் முன் கிளம்ப வேண்டும் என்று அவர் இரண்டு தடவை வந்து நின்றார். இரண்டு தடவையும் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மழைக்கு முன் ஆறு ஞாயிறு போய்வந்தேன். ஆறாவது தடவை பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. ஆனியில் மழை பிடித்தது. அந்த மழைக்குள்ளேயே மலைக்குக் கீழே ஒரு மில்லில் அத்தானுக்கு வேலை கிடைத்து, குடும்பத்தோடு மலையிறங்கிவிட்டார்கள். நான் அடுத்து அந்தப் பிள்ளையைப் பார்த்தபோது அவளுக்கு நாலு வயது. அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, இது யாரு என்று கேட்டாள்.