மலையிலிருந்து திரும்பிய குரல்

சத்தியமாக நடந்தது இது. நடந்தது என் சித்திக்கு. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "வேற வேலை வெட்டி இல்லையா?" என்று எழுந்து போகிறவள் அவள். அப்பேர்ப்பட்டவள் வாயால் கேட்டதால்தான் எனக்கு முதுகு சில்லிட்டது.

சித்தி ஒரு சின்ன வானொலி நிலையத்தில் ஒலிப் பொறியாளர். சித்தப்பா போன பிறகு வீட்டில் அவள் ஒருத்திதான். லீவு வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்குப் பயந்தே லீவிலும் நிலையத்துக்குப் போய்விடுவாள். "அங்கயாவது நாலு மெஷின் சத்தம் கேக்குமே" என்பாள்.

நிலையம் ஊருக்குள். ஒலிபரப்புக் கோபுரம் தொலைவில், ஒரு மலைமேல். இடையில் ஓடிய பழைய கம்பி அடிக்கடி அறுந்து உயிரை வாங்கியது. இனி இணையம் வழியாகவே ஒலியை அனுப்பிவிடலாம் என்று சித்தி ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்தாள். முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்தே வைத்திருந்த மென்பொருள்.

ஒரு லீவு நாள் மத்தியானம் அதைச் சோதிக்க உட்கார்ந்தாள். கட்டடத்தில் ஈ, காக்கை இல்லை. மலையில் கோபுரத்து ஆபரேட்டர் மட்டும் இன்னொரு கணினி முன்னால். அவரை இவள் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம்.

சோதனை எளிது. இவள் பேசுவது மலைக்குப் போய், அங்கிருந்து அப்படியே இவள் ஹெட்போனுக்குத் திரும்பி வரவேண்டும். போய் வர இரண்டு மூச்சு நேரம் ஆனது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

திரும்பி வந்தது. "அருமையா கேக்குதுக்கா" என்றார் ஆபரேட்டர்.

மறுபடி எண்ணினாள். இந்தத் தடவை ஒரு மூச்சில் வந்துவிட்டது. அடுத்த தடவை, வாயை மூடுவதற்குள்.

"தம்பி, அங்க எதையாவது மாத்தினியா?"

"நான் எதையும் தொடவே இல்லக்கா."

தொண்டை கரகரத்தது. இருமப் போனாள்.

ஹெட்போனில் இருமல் கேட்டது.

அதன் பிறகுதான் அவளுக்கு இருமல் வந்தது.

பிரமை என்று நினைத்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஏசி மட்டும் உர்ரென்றது.

"தம்பி..."

அவளுடைய குரல். அவள் பேசவில்லை.

"தம்பி... புகையா இருக்கு..."

அறையில் புகை இல்லை.

"கதவு... திறக்கல..."

டொம்... டொம்... டொம்...

சித்தி ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். கதவைத் தள்ளினாள்.

திறந்தது.

ஓடினாள்.

தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சு வந்தது. பை, போன், செருப்பு எல்லாம் உள்ளே. சீ, என்ன பைத்தியக்காரத்தனம் என்று வெட்கமாகக்கூட இருந்தது. எடுத்து வரலாம் என்று திரும்பினாள்.

ஸ்டூடியோ ஜன்னலிலிருந்து கரும்புகை.

ஏசி வயரில் பிடித்த தீ. அவள் யாரையும் கூப்பிடுமுன்பே தீயணைப்பு வண்டி வந்து நின்றது. வெப்பத்தில் ஸ்டூடியோ கதவு இறுகிப்போயிருந்தது. கோடரியால் வெட்டித்தான் உள்ளே போனார்கள்.

மறுநாள் காலை பஸ் ஏறி மலைக்குப் போனாள். ஆபரேட்டர் வந்து கதவைத் திறந்தார். தூங்காத கண்கள் சிவந்து கிடந்தன.

"யாரு வேணும்?"

"நான்தான் தம்பி."

குரலைக் கேட்டதும் அவர் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துவிட்டார்.

"ஃபயர் சர்வீசுக்கு நான்தான்க்கா சொன்னேன். கதவு திறக்கலன்னு அழுதீங்களே..."

"நான் அதுக்குள்ள வெளிய வந்துட்டேனே."

"வண்டி வந்துடும், பயப்படாதீங்கன்னேன். 'போயிடாத தம்பி, எனக்கு யாருமில்ல, பேசிட்டே இரு'ன்னீங்க. நானும் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். எங்க அம்மா, என் பசங்க... நீங்க 'ம்... ம்...'னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"எவ்வளவு நேரம்?"

"நல்லா இருட்டுற வரைக்கும்."

சித்தி முந்தின நாள் நடந்ததை நினைத்துப் பார்த்தாள்.

வெயில் சாய்வதற்கு முன்பே தீயை அணைத்துவிட்டார்கள். அவள் பேசிய ஸ்டூடியோ கணினியை வெளியே கொண்டுவந்து போட்டபோது அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

உருகி, கரிக்கட்டையாகக் கிடந்தது.