‘ஆரு ஊடுங்க?’ என்று கேட்ட ஆஸ்பத்திரி

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் அந்த ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து வரவேற்பு மேஜை என்னுடையது. அதற்கு முன் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் இதே வேலை பார்த்தேன். இங்கே செய்வது வேறு: தழும்பு நீக்குவது, முடி நடுவது, மூக்கைத் திருத்துவது. டாக்டர் சென்னையில் படித்துவிட்டு வந்த பெண். கட்டடத்தைக் கட்டியவர் அவருடைய அப்பா. எடப்பாடிப் பக்கம் நிலமும் உரக்கடையும் உள்ளவர். தைப்பொங்கல் வரை பார்ப்பது, ஆள் வராவிட்டால் மூடிவிட்டுச் சென்னைக்கே திரும்புவது என்று டாக்டர் முதல் மாதமே சொல்லிவிட்டார்.

அந்தப் பெரியவர் தினமும் காலை பத்து மணிக்கு வந்து, கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார். யார் வந்தாலும் எழுந்து கும்பிடுவார்.

“வாங்க சாமி. எந்த ஊருங்க? ஆரு ஊடுங்க?”

எந்த ஊர், யார் வீட்டு ஆள் என்று உரக்கடையிலும் அவர் இப்படித்தான் கேட்பாராம். பதிலைக் கேட்டதும் அவர்கள் தோட்டத்து மண்ணைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுவார். பக்கத்தில் புதுக் கடைகள் வந்தும் ஜனம் இவரை விட்டுப் போகவில்லை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். சின்ன வயதில் சுடுதண்ணீர் கொட்டிய தழும்பு கழுத்தில். துப்பட்டாவை இரண்டு சுற்று சுற்றியிருந்தாள். பெரியவர் வழக்கம்போலக் கேட்டார். அந்த அம்மா தயங்கி ஊரைச் சொன்னார், பிறகு அண்ணன் பெயரையும் சொன்னார்.

“அட, நம்ம ஊடு! உங்கண்ணனும் நானும் ஒரே பள்ளிக்கூடமுங்க!” என்றவர் அப்போதே போனை எடுத்துவிட்டார். “மாப்ளே, உன்ற தங்கச்சியும் பாப்பாவும் நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்துருக்குதுங்க. நீ கவலப்படாத, நான் பாத்துக்கறேன்.”

அந்த அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “சேலை எடுக்கப் போறோமுன்னு சொல்லிட்டு வந்தோமுங்க. பாப்பா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊட்டுல அண்ணன்தானுங்க பேசிட்டு இருக்காரு.”

மகள் அதற்குள் படியிறங்கியிருந்தாள். நான் நிரப்பத் தொடங்கிய படிவத்தில் வயது மட்டும் இருந்தது.

“ஏனம்முணி,” என்று பெரியவர் என்னைப் பார்த்தார். “நான் தப்பா ஒண்ணும் சொல்லலியே?”

நான் படிவத்தை மடித்து இழுப்பறையில் வைத்தேன். கார்த்திகை முடிவில், விசாரிக்க வந்தவர்களின் பதிவேட்டையும் சிகிச்சைக்குத் திரும்பியவர்களின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திரும்பி வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதலில் வந்தது முகூர்த்த நாட்களில். அந்த நாட்களில் பெரியவர் ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பார்; நாற்காலி காலியாக இருக்கும். சேலத்தில் ஒரு வங்கியின் மாடியில் வெளியூர் டாக்டர் ஒருவர் இதே தொழில் செய்கிறார். இங்கே அவருக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அங்கே கூட்டம் குறையாததன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

டாக்டரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “நீங்களே சொல்லிருங்கக்கா. நான் சொன்னா எங்கப்பா தாங்கமாட்டாரு.”

மறுநாள் இரண்டு பதிவேடுகளையும் பெரியவர் முன் விரித்து, முகூர்த்த நாட்களைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேதி தேதியாக விரல் வைத்துப் படித்தார். ஐப்பசிச் செவ்வாயில் விரல் நின்றது.

“இந்தப் புள்ளயும் வரலீங்களா?”

“வரலீங்கய்யா.”

“நாளைக்கே அவங்க ஊட்டுக்குப் போறேன். நேர்ல உக்காந்து, தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்லிட்டு வாரேன்.”

அவருக்குத் தெரிந்த வழி அதுதான். வாழ்நாளெல்லாம் எந்த மனத்தாங்கலையும் அடுத்தவர் வீட்டில் போய் உட்கார்ந்தே தீர்த்தவர்.

“போகாதீங்கய்யா. உங்க கார் அங்க நின்னா, ஏன் வந்தீங்கன்னு அந்தத் தெருவே கேக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப நான் என்னதானுங்க பண்றது?”

“வராம இருக்கணுமுங்க.”

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பதிவேட்டில் ஒரு வரியை அடிப்பது போல இருந்தது என் குரல். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, மகளிடம் சொல்லாமலேயே போனார். பிறகு வரவில்லை.

பொங்கல் கழிந்தும் ஆஸ்பத்திரி மூடவில்லை. மாசியில் இன்னொரு நர்ஸைச் சேர்த்தோம். ஐப்பசியில் வந்த அந்தப் பெண் வேறெங்காவது போய்ச் சிகிச்சை செய்துகொண்டாளா என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் கூடாது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார் என்று டாக்டர் சொன்னார். “இன்னிக்கு எத்தன பேருங்கண்ணு?” எண்ணிக்கையைச் சொன்னதும் தலையாட்டிவிட்டு, சாப்பிடக் கூப்பிடுவாராம்.