இறக்க வேண்டும்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. இளம் வயதில் இந்த மலையில் ஊழியம் செய்துவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரைசாணி ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கப்பலேறும் முன் பழைய இடத்தை ஒருமுறை பார்க்க வந்தார்.
2. மிஷன் மோட்டார் அவரை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் விட்டுவிட்டு அங்கேயே காத்திருந்தது. மலைமேல் அவர் ஆட்கள் தூக்கும் டோலியில் வந்தார்.
3. மலைமேல் வளப்பூர் நாட்டில் உள்ள மருந்தகத்தில் நர்ஸாக இருக்கும் நான், அவருடைய பழைய பள்ளிக்கூடம் இருந்த ஊருக்கு அவரை அழைத்துப் போனேன்.
4. அந்த ஊரில் ஒரு பெண் முந்தின நாளிலிருந்து பிரசவ வலியில் இருந்தாள். குழந்தையின் கை மட்டும் வெளியே வந்திருந்தது.
5. அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டார் சம்மதித்தார்கள்.
6. துரைசாணி ஒரு வாக்கியம் பேசினார். வீட்டார் கதவை அடைத்துவிட்டார்கள்.

நாங்கள் ஊருக்குள் போனபோது காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடம் இருந்த இடம் சாமைக் காடாகியிருந்தது. துரைசாணி வரப்பில் நின்று, எங்கே கரும்பலகை இருந்தது, எங்கே பிள்ளைகள் உட்கார்ந்தார்கள் என்று கையால் காற்றில் அளந்துகொண்டிருந்தார். அப்போதுதான் அந்தப் பெண்ணின் புருஷன் ஓடிவந்தான்.

"நர்சம்மா, ஊட்டுக்கு வாங்க. கை வந்துருச்சு, புள்ள வரலீங்க."

வீட்டுக்குப் பின்னால் பிரசவத்துக்கென்று தனிக் குடிசை. தட்டிக் கதவு. உள்ளே மாமியார் மட்டும் இருந்தாள். அந்தப் பிஞ்சுக் கை நீலம் பாரித்து வீங்கியிருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தலை வலப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. குழந்தை குறுக்கே இருந்தது. மரக்குழலை வைத்துக் கேட்டேன். குழந்தையின் நெஞ்சுத்துடிப்பு வேகமாக இருந்தது, ஆனால் இருந்தது.

"இழுத்தா வந்துராதுங்களா?" என்றாள் மாமியார். பக்கத்துக் கிண்ணத்திலிருந்து எண்ணெய் எடுத்துக் கையில் தடவித் தயாராக இருந்தாள்.

"இழுத்தா கைதான் வரும், புள்ள வராது. கர்ப்பப்பை கிழிஞ்சா உங்க மருமகளும் போயிருவா. கீழ ஆஸ்பத்திரியில டாக்டரம்மா இருக்காங்க. அங்கதான் எடுக்க முடியும்."

இந்த மலையில் பிள்ளைபெறும் பெண்ணை யாரும் கீழ்நாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஆனால் அன்று டோலி வாசலிலேயே இருந்தது, தூக்குகிற ஆட்களும் இருந்தார்கள், அடிவாரத்தில் மோட்டார் நின்றது. எல்லாம் துரைசாணியால் வந்த வசதி. மாமியார் மருமகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள். "செரி, ஆகட்டும்" என்றாள்.

துரைசாணி தட்டியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தைரியம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். குனிந்து உள்ளே பார்த்து, கணீரென்ற குரலில் சொன்னார்:

"இவள் இன்றைக்கே இறக்க வேண்டும். தாமதம் ஆகாது."

மலையில் 'எறக்கோணும்' என்பது தினமும் வாயில் புரளும் சொல். பலாப்பழத்தை எறக்குவார்கள், மிளகு மூட்டையை எறக்குவார்கள், கீழே சந்தைக்குப் போகும் எதையும் எறக்குவார்கள். துரைசாணிக்கு அது காதில் இருந்தது. ஆனால் புத்தகத்தில் தமிழ் படித்தவர், அதைப் புத்தகத் தமிழாகத் திருத்திவிட்டார். திருத்துகிற அவசரத்தில் 'இவளை' என்பதில் இருந்த 'ஐ' விழுந்துவிட்டது. அது விழுந்த பிறகு அந்த வாக்கியத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

"என்ன சொன்னீங்க?" மாமியார் எழுந்துவிட்டாள். "என்ற மருமவ இன்னிக்கே சாவோணுமா? வலி கண்டவ காதுல உழுகற பேச்சா இது?"

என்னையும் வெளியே தள்ளித் தட்டியை இழுத்துக் கட்டினாள். புருஷன் வந்து குறுக்கே நின்றான். டோலியில் வைத்துக் கட்டக் கழி வெட்டப் போனவன். கொடுவாள் கையிலேயே இருந்தது. அதை ஓங்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

"நான் என்ன சொன்னேன்?" என்று துரைசாணி என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டித் தடுத்தேன். "வேண்டாம் அம்மா. இனி ஒரு வார்த்தையும் வேண்டாம்."

உள்ளே அவள் முனகுவது கேட்டது. ஒவ்வொரு வலிக்கும் கருப்பையின் கீழ்ப்பகுதி மெலிந்துகொண்டே போகும் என்று எனக்குத் தெரியும். உள்ளே அந்த எண்ணெய்க் கிண்ணம் இருப்பதும் தெரியும்.

தட்டிக்கு வாயை வைத்துச் சொன்னேன்: "கீழ எறக்கோணும்னுதான் சொல்ல வந்தாங்க. தமிழ் தப்பிப்போச்சுங்க."

"வாய் தப்புச்சோ மனசு தப்புச்சோ, சொன்னது சொன்னதுதான்." உள்ளிருந்து மாமியாரின் குரல். "இந்தம்மா அன்னிக்கே அப்படித்தான். நான் சின்னப்புள்ளையா அங்க படிக்கப் போனப்ப என்ன சொன்னாங்க தெரியுமா? நாளைக்கு எல்லாரும் தலைய வெட்டிக்கிட்டு வரோணும், இல்லாட்டிப் பள்ளிக்கூடத்துல சேத்த மாட்டேன்னாங்க! எங்கப்பன் என்னையத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடினாரு. ஊரே ஒளிஞ்சுச்சு. அன்னிக்கு எங்க தலையக் கேட்டவங்க, இன்னிக்கு எம்மருமவ உசுரக் கேக்கறாங்க."

"முடி," என்றார் துரைசாணி என் பின்னால், மிக மெதுவாக. "தலைமுடி. பேன் இருந்தது."

எனக்குச் சிரிக்க நேரமில்லை. பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான்.

"அப்புறம் என்னாச்சுங்க? யாரு தலையாச்சும் போச்சா?"

தட்டியைத் தட்டினேன்.

"சொல்லுங்க. உங்க தலை போச்சா?"

"தலை எங்க போச்சு?" என்றாள் எரிச்சலோடு. "பேனுதான் போச்சு."

டோலி ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். புருஷன் அவனை முறைத்தான். எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். அப்போது உள்ளேயிருந்து, இதுவரை யாரும் விருப்பம் கேட்காத ஒருத்தியின் குரல் வந்தது, இரண்டு வலிகளுக்கு நடுவே, மூச்சுப் பிடித்து:

"அத்தே, என்னைய எறக்கீருங்க. முடியல அத்தே."

தட்டி திறந்தது.

டோலி ஆட்கள் தயங்கினார்கள். தீட்டு என்று ஒருவன் முணுமுணுத்தான். அதுவரை எங்களைத் திட்டிய வாய் அவர்கள் பக்கம் திரும்பியது. "உங்கள என்ன, உங்காயி மரத்துலருந்தா பறிச்சா? தூக்குங்கடா."

அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே கம்பளியை மடித்து வைத்தேன். அந்தக் கையைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றினேன். முக்கக் கூடாது, மூச்சை ஊதிவிடு என்று சொல்லிக்கொண்டே டோலியை ஒட்டி நடந்தேன். பாறைப்படிகளில் டோலி சரியும்போதெல்லாம் புருஷன் தோள் கொடுத்தான். பின்னால் துரைசாணி நடந்தே வந்தார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. மாமியார் அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். அன்பால் அல்ல, விழுந்து தொலைத்தால் அதற்கும் ஒரு டோலி வேண்டுமே என்றுதான்.

"கல்லப் பாத்துக் கால வையுங்க, தொரசானி. வாய மட்டும் தொறக்காதீங்க."

ஆட்கள் தோள் மாற்ற நின்ற இடங்களில் எல்லாம் குழலை வைத்துக் கேட்டேன். ஓடைக்கு மேலே துடிப்பு இருந்தது. ஓடையைத் தாண்டிய பிறகு, குழலை இடம் மாற்றி மாற்றி வைத்தேன். கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் மனம் விட்டுப்போய் முக்கத் தொடங்கிவிடுவாள் என்று பயந்தேன். "எப்படிங்க இருக்குது?" என்று புருஷன் கேட்டான். "நடங்க" என்றேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. தாய் பிழைத்தாள்.

அன்று சாயங்காலம் வராந்தாவில் மாமியார் என்னிடம் கேட்டாள்: "கதவ அடைக்காம இருந்திருந்தா புள்ள பொழச்சிருக்குமுங்களா?" சிறிது நேரத்தில் துரைசாணியும் தனியாக வந்து, தான் பேசாமல் இருந்திருந்தால் என்று அதையே கேட்டார். இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்: எனக்குத் தெரியாது. அது பொய்யில்லை. கை வெளியே வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நாங்கள் இழந்த நேரம் அதோடு சேர்ந்தது. எது முடிவு செய்தது என்று டாக்டரம்மாவாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

துரைசாணி மறுபடி மலையேறவில்லை. கப்பலேறிப் போய்விட்டார். அந்தப் பெண் ஊர் திரும்பிவிட்டாள்; தையல் ஆறிவிட்டது; அடுத்த பிரசவத்துக்கு முன்கூட்டியே கீழே வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். அவள் மருந்தகத்துக்கு வருகிறாள். மாமியார் வாசல்வரை வந்து வெளியே நிற்கிறாள். அந்த ஊரிலிருந்து வலி தொடங்கியதுமே என்னைக் கூப்பிட இன்னும் ஒருவரும் வரவில்லை.