சுகர்காரருக்குச் சீனி

எனக்குக் காது குத்தியது கட்டுமாவடிப் பக்கம், எங்கள் குலதெய்வக் கோயிலில். வேண்டுதலைத் தள்ளித் தள்ளிப் போட்டதில் நான் இரண்டாம் வகுப்புக்கே வந்துவிட்டேன். தாய்மாமன் மடியில் உட்கார்த்திவைத்துத்தான் குத்த வேண்டும். அது முடியும்வரை மாமா வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். காது குத்தும் ஆசாரியோ வெயில் ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தார்.

அம்மாவின் தங்கையான சித்தி அப்போதுதான் பல் டாக்டருக்குப் படித்து முடித்திருந்தாள். திருக்கோகர்ணத்தில் வேன் ஏறியதிலிருந்தே பெரியப்பா அவளை விடவில்லை. "பல்லப் புடுங்கவா இத்தன வருசம் படிச்ச?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவளும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மாமா மடியில் உட்கார்ந்தேன். அவர் மார்பெல்லாம் வியர்வை, கை வேறு நடுங்கியது. என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். அதற்குள் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார்.

நெஞ்சுவலி என்றார்கள். வலிப்பு என்று நினைத்து யாரோ அவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது பெரியப்பாதான். "டாக்டரு நிக்கிதுல்ல! ஒரு ஊசியப் போடச் சொல்லுங்க!"

சித்தி குனிந்து பார்த்தாள். மாமாவுக்குக் கண் திறந்திருந்தது, பேச்சுதான் குழறியது.

"அண்ணி, காலையில சுகர் மாத்திரை போட்டாங்களா?"

"போட்டாங்க."

"சாப்ட்டாங்களா?"

"சாமி காரியம் முடியாம எப்புடிச் சாப்புடுவாங்க?" என்றாள் அத்தை.

"108க்குப் போன் பண்ணுங்க. சமையக்காரர்ட்ட சீனி வாங்கித் தண்ணியில கரைச்சுக் கொண்டாங்க, சீக்கிரம்!"

கூட்டம் கொதித்துவிட்டது. சீனித் தண்ணீர் வந்ததும் பெரியப்பா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். "சுகர்காரருக்குச் சீனியா? ஆளக் கொல்லப் பாக்குறியா?"

"இப்ப சுகர் கொறஞ்சு கெடக்கு அத்தான். டம்ளரக் குடுங்க." அந்தக் குரலில் சித்தி பேசி நான் கேட்டதே இல்லை. அவரும் கொடுத்துவிட்டார்.

அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். மாமா விழுங்குவதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் தெளிவாகக் கேட்டார்: "ஆசாரி போயிட்டாரா?"

அத்தை ஓவென்று அழுதாள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. ஆம்புலன்சில் வந்தவர்களும் பரிசோதித்துவிட்டு, சித்தி சொன்னதுதான் சரி என்றார்கள். மாமா முதலில் இட்லி சாப்பிட்டார். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பிறகு அதே மடியில் எனக்குக் காது குத்தினார்கள். பந்தி முடிந்ததும் பெரியப்பா வேட்டியைச் சுருட்டிக்கொண்டு சித்தியிடம் முழங்கால் வலியைக் காட்ட வந்தார்.

திரும்பும்போது சித்தி வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. அவள் கை சில்லென்று நடுங்கிக்கொண்டிருந்தது. பாடத்தில் படித்ததை முதன்முதலாக, அதுவும் சொந்த அண்ணனிடம், இத்தனை பேர் தடுக்கத் தடுக்கச் செய்து முடித்தவளின் கை அது என்று எனக்கு எப்படித் தெரியும்? என் காதை நினைத்துத்தான் கலங்குகிறாள் என்று நினைத்தேன்.

"எனக்கு வலிக்கவே இல்ல சித்தி, பயப்படாத" என்றேன்.