வைக்கோலுக்கு ஏது இடுப்பு?

நீடாமங்கலம் தாண்டி, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையோரம் நிற்கிறது. கட்டிய கயிறு அறுந்துவிட்டது. வானம் வேறு கறுத்து வருகிறது. நனைந்தால் மாட்டுக்குத் தீனி போச்சு. பாறையேற்றப் பயிற்சி முடித்து, கயிறும் ஹெல்மெட்டுமாக ஊர் திரும்பும் நானும் மீனாவும் காரை நிறுத்துகிறோம்.

"நாங்க பாறை ஏறுற கயிறு அறவே அறாதுங்க," என்கிறேன் டிராக்டர்காரரிடம்.

"இவரே எத்தனையோ தடவை விழுந்து பார்த்திருக்காரு," என்கிறாள் மீனா.

லோடு மேல் ஏறி நானே இழுத்துக் கட்டி, அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன். வண்டி முதல் பள்ளத்தில் இறங்கியதும் கயிறு ரப்பராக நீள்கிறது. பாதி வைக்கோலும் நானும் வயல் வரப்பில் கிடக்கிறோம்.

"ஹெல்மெட் எங்க?" என்கிறாள், காரில் பின்னால் வந்த மீனா. பிறகு டிராக்டர்காரரிடம், "விழுறவங்க இடுப்பு ஒடியக் கூடாதுன்னு நீளுற கயிறுங்க அது. சயின்ஸ்."

"வைக்கோலுக்கு ஏதும்மா இடுப்பு?"

மூவரும் வைக்கோலை அள்ளி ஏற்றுகிறோம். அவருடைய அறுந்த கயிற்றையே முடிச்சுப் போட்டு இணைத்துக் கொடுக்கிறேன். அவர் இழுத்துக் கட்டுகிறார்.

"உங்க முடிச்சு மேல நம்பிக்கை இருந்தா மேல ஏறி உக்காருங்க சார்."

நான் காரில் பெல்ட் போட்டுக்கொண்டு பின்னாலேயே போகிறேன். வைக்கோல் நனையாமல் வீடு சேர்கிறது.