பன்றிகள் ஏறிய படகு

தலைநகர்த் தீவான தராவாவில் கயேவா அக்காவின் மனையில் ஒரு காலத்தில் பத்துத் தென்னைகள் நின்றன. வெளித்தீவிலிருந்து படகு வரும்போதெல்லாம் ஒரு சொந்தக்காரர் வந்து குடியிருக்க இடம் கேட்டார். சொந்தம் வாய்விட்டுக் கேட்டால் இல்லையென்று சொல்வது எங்களுக்குப் பெரிய அவமானம். தென்னைகள் போய் ஐந்து குடிசைகள் முளைத்தன. முதல் குடிசை என்னுடையது; குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவளுக்கென்று மிஞ்சியது படுக்கும் குடிசையும் பன்றிப் பட்டியும்தான்.

போன மாதம் அபையாங் தீவிலிருந்து சித்தி மகன் தெகாய் குடும்பத்தோடு வந்திறங்கினான்.

"அக்கா, அந்தப் பட்டி இருக்கிற இடத்தைக் குடேன்."

"எடுத்துக்கடா. நானும் ஒண்ணு கேக்கறேன். ஊருல உன் வீடும் தோப்பும் சும்மாத்தானே கிடக்கு? என் பன்னிங்களுக்குக் குடு."

தெகாய் விழித்தான். அவனாலும் மறுக்க முடியாதே. அடுத்த படகில் எட்டுப் பன்றிகள் போயின. அங்கே பக்கத்து வீட்டில் இருக்கும் அவன் தம்பி தீனி போடுகிறான்.

நேற்று படகுக்காரர் செய்தி சொன்னார்: பன்றிகள் தோப்பு முழுக்கக் காற்று வாங்கிக்கொண்டு திரிகின்றனவாம். பட்டி இருந்த இடத்தில் ஆறு பிள்ளைகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்திருந்த தெகாய் பெருமூச்சு விட்டான்.

"பேசாம நானும் போய் அதுங்ககிட்ட ஒரு ஓரமா இடம் கேக்கலாம்போல."

"கேளு," என்றாள் அக்கா. "ஆனா அதுங்க நமக்குச் சொந்தமில்லடா. இல்லேன்னு சொல்லிடும்."